உள்ளங்கையில் நிற்கும் மகள்: மங்கல் நீங்கிய விதம்

கடற்கரையில், தொலைவில் நின்ற மகள் அருகிலிருந்த மனைவியின் உள்ளங்கைமேல் நிற்பதுபோல் எடுத்த படங்களில், கை தெளிந்தால் குழந்தை மங்கினாள். குழந்தை தெளிந்தால் கை மங்கியது. கைபேசியில் பின்னணியை மங்கவைக்கும் போர்ட்ரெய்ட் முறை மங்கலைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை, 50 மி.மீ. லென்ஸும் கைகொடுக்கவில்லை. இறுதியில், ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர சென்சார் கொண்ட கேமராவில் அகன்ற காட்சி தரும் 18 மி.மீ. லென்ஸைப் பொருத்தி, ஒளி புகும் துளையை எஃப்/11 என்ற சிறிய அளவுக்குச் சுருக்கி, ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு ஒன்றரை மீட்டருக்குச் சற்று அப்பால் ஃபோகஸை நிறுத்தியதும், ஒரு மீட்டரில் இருந்த கைக்கும் எட்டு மீட்டரில் நின்ற மகளுக்கும் ஒரே தெளிவு கிடைத்தது.

ஆயினும் ஏதோ ஒட்டவில்லை. காட்டிக்கொடுத்தது மகளின் நிழல்: அது பக்கவாட்டில் மணலில் நீண்டு, அவள் தரையில்தான் நிற்கிறாள் என்பதைச் சொல்லிவிட்டது. மறுநாள் காலையில் கதிரவனை நோக்கிக் கேமராவைத் திருப்பி, நிழல் எங்கள் பக்கம் விழுமாறு செய்து, கையையும் கேமராவையும் மணலை ஒட்டித் தாழ்த்தியபோது, நிழலை உள்ளங்கையே மறைத்துக்கொண்டது. எதிர்வெயிலில் இருண்ட மகளின் முகத்துக்காக எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, கூட்டியதில் வானம் சற்று வெளிறியது. அதை நான் பொருட்படுத்தவில்லை.