ஆறு நிமிட நடைச் சோதனை: பிள்ளைகளை ஓட விட்டுவிடாதீர்கள்

மத்திய அரசின் கேலோ இந்தியா பள்ளி உடல்திறன் அளவீட்டில் 600 மீட்டர் ஓட்டம் உண்டு. அதில் பிள்ளை ஓடலாம், மூச்சு வாங்கினால் நடக்கலாம். எவ்வளவு நேரம் ஆனது என்பதுதான் கணக்கு. ஆறு நிமிட நடைச் சோதனையில் நேரம் மாறாது, தூரத்தை அளக்கிறோம், ஓடவே கூடாது. இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதித் தவறு தொடங்குகிறது.

நாலைந்து பேரை வரிசையில் நிறுத்தி பி.டி. சார் விசில் ஊதினால் அது பந்தயம்தான். பக்கத்துப் பையன் முந்துகிறான் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளை நடக்கும்? ஒவ்வொருவராக விடுங்கள். கூடவே நீங்களும் நடந்தால் அது உங்கள் வேகமாகிவிடும். "விடாதே, வேகமா போ!" என்று கத்தவும் வேண்டாம். நிமிடத்துக்கு ஒருமுறை, எல்லாருக்கும் ஒரே குரலில், "நல்லா நடக்குற, இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு" என்று மிச்ச நேரத்தைச் சொன்னால் போதும்.

அப்புறம் பாதை. நுரையீரல் மருத்துவத்துக்கான அமைப்பான அமெரிக்கன் தொராசிக் சொசைட்டி 2002-ல் வெளியிட்ட வழிமுறை 30 மீட்டர் நேர்பாதை கேட்கிறது. பள்ளி வராண்டா 15 மீட்டர்தான் என்று அதிலேயே முடித்துவிடுகிறவர்கள் உண்டு. 540 மீட்டர் நடக்கும் பிள்ளை 30 மீட்டர் பாதையில் 17 முறை திரும்பும். 15 மீட்டரில் 35 முறை. ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் தணிந்து மறுபடி எடுக்க வேண்டும். தூரம் குறைந்தது வராண்டாவால், பழி பிள்ளை மேல். வேறு இடமே இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் அதே 15 மீட்டரில் அளந்து, அந்த எண்களோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

ஏற்காட்டில் சமதளம் தேடுவதே பெரும்பாடு. அதற்காகச் சரிவில் நடக்க விட்டால் அது வேறு சோதனை. ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் சேலத்தில் காட்டுவதைவிட ஓரிரு புள்ளி குறைத்துக் காட்டினால் பதற வேண்டாம். சேலத்தில் சிக்கல் வெயில். சித்திரை மதியத்தில் மைதானத்தில் விட்டால் நீங்கள் அளப்பது வெயிலைத்தான்.

வயதை மட்டும் வைத்து ஒப்பிடுவது இன்னொரு தவறு. கால் நீளமானால் எடுத்து வைக்கும் எட்டும் நீளும், அதனால் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹாங்காங், ஆஸ்திரியப் பிள்ளைகளை வைத்துப் போட்ட அட்டவணைகளை நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்துவதும் சரியில்லை.

ஆறு நிமிடம் முடிந்ததும் பிள்ளையை நின்ற இடத்திலேயே நிறுத்தி, கடைசியாகத் திரும்பிய முனையில் அடையாளத்துக்கு வைத்த கோனிலிருந்து டேப் பிடித்து மிச்ச மீட்டரையும் கூட்டுங்கள். நடுவில் ஷூ லேஸ் கட்ட நின்றாலும் ஸ்டாப்வாட்ச் ஓடத்தான் வேண்டும். லேஸை முன்னாடியே பார்த்துவிடுங்கள்.