பல் துலக்கினால் மட்டும் போதுமா? வாய்ப் புற்றுநோய் அபாயத்தைக் குறைக்கும் வழிகள்

தினமும் இரண்டு வேளை பல் துலக்குகிறேன், எனக்கெல்லாம் வாய்ப் புற்றுநோய் வராதுதானே என்று கேட்பவர்கள் நிறைய பேர். துலக்குங்கள், நல்லதுதான், ஆனால் வரிசையில் அது மூன்றாவது. வாய்க்குள் எதைப் போடுகிறோம் என்பது முதலில், வாய்க்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது இரண்டாவது, அப்புறம்தான் பிரஷும் பேஸ்டும்.

நம்மவர்களிடம் முதலில் பேச வேண்டியது பாக்கைப் பற்றி. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கு ஒன்றும் செய்யாது என்று சிங்கப்பூர்த் தேக்காவில் பான் வாங்கும் பெரியவர்கள் மட்டுமல்ல, நன்றாகப் படித்தவர்களும் நம்புகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே பாக்கையும், புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. சீவல், வாசனைப் பாக்கு, சின்னப் பொட்டலத்தில் வரும் இனிப்புப் பாக்கு எல்லாவற்றிலும் இருப்பது அதே பாக்குதான். வருடக்கணக்கில் மெல்லுபவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் மெல்ல மெல்ல இறுகும், காரம் பட்டால் எரியும், ஒரு கட்டத்தில் வாயை முழுதாகத் திறக்க வராது. மூன்று விரல்களைச் சேர்த்துச் செங்குத்தாக முன்பற்களுக்கு நடுவில் வைத்துப் பாருங்கள், நுழையவில்லை என்றால் தள்ளிப்போடாமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். கல்யாணத் தாம்பூலத்தை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, தட்டில் இருக்கட்டும்.

மெல்லும் புகையிலை வகைகளான குட்கா, கைனி, ஜர்தா மூன்றும் சிங்கப்பூரில் 2016 ஆகஸ்டிலிருந்து தடை செய்யப்பட்டவை, ஊரிலிருந்து பையில் போட்டுக் கொண்டுவருவதும் குற்றம். சிகரெட்டும் மதுவும் தனித்தனியாகவே கெடுதல், இரண்டும் சேர்ந்தால் அபாயம் வெறுமனே கூடுவதோடு நிற்பதில்லை, பெருகுகிறது. மது உடலில் அசிட்டால்டிஹைடு என்ற புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக மாறுகிறது, வாயில் வாழும் கிருமிகளும் அந்த வேலையைச் செய்கின்றன. வார இறுதியில் மட்டும்தான் குடிக்கிறேன் என்பவர்கள் அந்த நேரத்தில் எத்தனை சிகரெட் பிடிக்கிறார்கள் என்று கணக்குப் பார்த்தாலே புரியும். புகையை விட உதவி வேண்டுமென்றால் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் குவிட்லைன் இருக்கிறது, எண் 1800 438 2000.

இப்போது கண்ணாடி. மாதம் ஒரு முறை, இரண்டு நிமிடம் போதும். பல்செட் இருந்தால் கழற்றிவிட்டு, போன் டார்ச்சை அடித்துக்கொண்டு உதடுகளை மடக்கிப் பாருங்கள், கன்னங்களை விரலால் இழுத்துப் பாருங்கள், நாக்கின் நுனியை டிஷ்யூவால் பிடித்து இரு ஓரங்களையும் பாருங்கள், பிறகு நாக்கை மேலே தூக்கி அடியில் பாருங்கள். நாக்கின் ஓரமும் அடியும் முக்கியம், ஆனால் பலரும் நாக்கை நீட்டி மேல்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு முடித்துவிடுவார்கள். சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு (இது இன்னும் கவலைக்குரியது), கட்டி, மரத்துப்போன இடம், காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் தட்டுப்படும் வீக்கம், இவற்றைத்தான் தேடுகிறீர்கள். புண் என்றால் இரண்டு வாரக் கெடு. உடைந்த பல் குத்தியதால் வந்த புண் என்று நினைத்தால் பல்லைச் சரிசெய்யுங்கள், அதற்குப் பிறகும் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் அது வேறு விஷயம். வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள், ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

சரி, பிரஷ். ஈறு நோய்க்கும் சில புற்றுநோய்களுக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன, ஈறில் வாழும் ஒரு வகைக் கிருமியைப் பெருங்குடல் கட்டிகளிலும் கண்டிருக்கிறார்கள், ஆனால் ஈறு நோய்தான் காரணம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. புகைப்பவருக்கே ஈறு நோயும் வரும், புற்றுநோயும் வரும், பிரித்தெடுப்பது சுலபமில்லை. போதாததற்கு, புகைப்பவரின் ஈறில் ரத்தம் கசிவது குறைவு, அதனால் ஈறு நன்றாக இருக்கிறது என்று ஏமாறுவார். இரவில் ஃபுளோரைடு பேஸ்ட் போட்டுத் துலக்குங்கள், பல்லிடுக்கை நூலால் சுத்தம் செய்யுங்கள், தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீரை ஆவி பறக்கக் குடிக்காமல் கொஞ்சம் ஆறவிடுங்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்க்கு நல்லதில்லை என்று பாக்கைப் பற்றிச் சொன்ன அதே புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் எச்சரித்தது. மவுத்வாஷ் சிகரெட்டை ஈடுகட்டாது.

வலி வந்தால்தான் பல் டாக்டர் என்று இருக்காமல் வருடம் ஒரு முறையாவது போங்கள். சிங்கப்பூரில் மூத்தவர்களுக்கான முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை அட்டை வைத்திருப்பவர்களுக்கும், சாஸ் (CHAS) என்ற சமூகச் சுகாதார உதவித் திட்டத்தின் நீலம், ஆரஞ்சு அட்டைக்காரர்களுக்கும் பல் சிகிச்சைக்கு மானியம் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்ததும் பாக்கு போடுவேன், புகைப்பேன், குடிப்பேன் என்று இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாட்டியை அழைத்துப் போகிறீர்கள் என்றால், "டாக்டர், பாட்டி ரொம்ப வருஷமா பாக்கு போடுறாங்க, கன்னத்து உள்பக்கமும் பாருங்க" என்று நீங்களே கேளுங்கள். பல்லே இல்லையே, எனக்கு எதற்குப் பல் டாக்டர் என்று பாட்டி சொன்னாலும் விடாதீர்கள், பார்க்கச் சொல்வது பல்லை இல்லை.