கர்னல் ட்ரேசிங்கில் அனுமதிப் பிழை வந்தால் எங்கே பார்ப்பது?

லினக்ஸின் மையப்பகுதியான கர்னலுக்குள்ளும் நிரல்களுக்குள்ளும் நடப்பதைக் கண்காணிப்பதுதான் ட்ரேசிங். அதற்கான கருவிகளில் பெர்ஃப் (செயல்வேகத்தை அளப்பது), எஃப்ட்ரேஸ் (கர்னலின் செயல்களைப் பதிவது), எஸ்ட்ரேஸ் (ஒரு நிரல் கர்னலிடம் கேட்பதைக் காட்டுவது) என எதைத் தொட்டாலும், புதிதாக வருபவர்கள் முதலில் முட்டிக்கொள்வது 'பெர்மிஷன் டினைடு' என்ற வரியில்தான். உடனே எல்லாவற்றுக்கும் சுடோ (முழு அதிகாரம் உள்ள 'ரூட்' பயனராகக் கட்டளையை ஓட்டுவது) போட்டுவிடாதீர்கள். எந்தக் கருவிக்கு எந்தப் பூட்டு என்று தெரிந்தால் வேலை சுலபம். (கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.)

முதலில் பெர்ஃப். /ப்ராக்/சிஸ்/கர்னல்/பெர்ஃப்_ஈவென்ட்_பாரனாய்ட் கோப்பை 'கேட்' கட்டளையால் திறந்து பாருங்கள். 2 என்று இருந்தால் உங்கள் சொந்த நிரலை அளக்கலாம், ஆனால் அது கர்னலுக்குள் செய்வதைப் பார்க்க முடியாது. உபுண்டுவில் பெரும்பாலும் 4 இருக்கும். சாதாரணப் பயனருக்கு எதுவுமே நடக்காது. உங்கள் சொந்தக் கணினி என்றால் சிஸ்சிடிஎல் (கர்னல் அமைப்புகளை மாற்றும் கட்டளை) மூலம் 1 ஆக்கினால் போதும். மறுபடி பூட் செய்தால் பழைய எண் திரும்பிவிடும். பலர் பயன்படுத்தும் சர்வரில் -1 வைக்கவே வைக்காதீர்கள், அது எல்லோருக்கும் கதவைத் திறந்துவிடும். 2020இல் வந்த 5.8 கர்னலிலிருந்து இதற்கென்றே கேப்_பெர்ஃப்மான் என்ற தனி உரிமை இருக்கிறது.

அடுத்து எஃப்ட்ரேஸ். ட்ரேசிங்_ஆன் என்ற கோப்பில் 1 என்று எழுதித்தான் இதன் பதிவை இயக்க வேண்டும். நிறையப் பேர் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்வது இங்கேதான்:

சுடோ எக்கோ 1 > /சிஸ்/கர்னல்/ட்ரேசிங்/ட்ரேசிங்_ஆன்

சுடோ போட்டும் அதே பிழை! காரணம், சுடோவின் அதிகாரம் எக்கோவுக்கு மட்டும்தான். > குறிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோப்பைத் திறப்பது உங்கள் ஷெல் (நீங்கள் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்). அது இன்னும் சாதாரணப் பயனராகத்தான் ஓடுகிறது. அந்தக் கோப்புறையோ ரூட்டுக்கு மட்டும் உரியது. இப்படி எழுதுங்கள்:

எக்கோ 1 | சுடோ டீ /சிஸ்/கர்னல்/ட்ரேசிங்/ட்ரேசிங்_ஆன்

இப்போது கோப்பைத் திறப்பது டீ (தனக்கு வருவதைக் கோப்பிலும் திரையிலும் எழுதும் கட்டளை), அதுவும் ரூட்டாக. டெர்மினலில் 1 என்று எதிரொலித்தால் வேலை முடிந்தது.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலோடு எஸ்ட்ரேஸ் -பி ஒட்ட மறுக்கிறதா? யாமா என்ற பாதுகாப்பு அடுக்கின் பிட்ரேஸ்_ஸ்கோப் (ஒரு நிரல் மற்றொன்றைக் கண்காணிக்கலாமா என்ற அமைப்பு) 1 ஆக இருக்கும். அதைத் தொட வேண்டாம். நிரலையே எஸ்ட்ரேஸ் வழியாகத் தொடங்குங்கள், தான் தொடங்கிய நிரலைப் பார்க்க அதற்குத் தடையில்லை.

சரி, ரூட்டாக இருந்தும் முடியவில்லையா? /சிஸ்/கர்னல்/செக்யூரிட்டி/லாக்டவுன் கோப்பைப் பாருங்கள். சதுர அடைப்புக்குள் 'கான்ஃபிடென்ஷியாலிட்டி' இருந்தால், ட்ரேசிங் கோப்புகள் ரூட்டுக்கும் திறக்காது. டாக்கர் கன்டெய்னருக்குள் (நிரலைத் தனிமைப்படுத்தி ஓட்டும் சூழல்) இருக்கிறீர்கள் என்றால், கர்னலிடம் எதைக் கேட்கலாம் என்று கட்டுப்படுத்தும் அதன் இயல்பான செக்காம்ப் வடிகட்டியே பெர்ஃப்பைத் தடுக்கும். அப்போது வெளியே, ஹோஸ்டிலிருந்து (கன்டெய்னரை ஓட்டும் கணினி) ஓட்டிப் பாருங்கள்.