360 சதுர அடியில் ஒரு குடும்பம்: சிறிய வீடு கட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் நான் வளர்ந்த காம்பவுண்டு வீட்டில் எங்கள் பங்குக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி, முன்னால் ஒரு திண்ணை. எல்லாம் சேர்த்தும் 250 சதுர அடி தேறாது. அப்பா, அம்மா, அக்கா, அப்பத்தா, நான் என்று ஐந்து பேர். ஆறு குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரு முற்றம், அதில் ஓர் அடிகுழாய். இடம் பற்றவில்லை என்று அந்த வீட்டில் யாரும் சண்டை போட்டதாக எனக்கு நினைவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு சென்னையில் 420 சதுர அடி அப்பார்ட்மென்டுக்குக் குடிபோனோம். இரண்டே பேர்தான். மூன்றாவது மாதமே மூச்சு முட்டியது.

காரணம் புரிய எனக்குச் சில வருஷங்கள் ஆயின. பல் தேய்ப்பது, பாத்திரம் கழுவுவது, துணி காயப்போடுவது, அரிசி புடைப்பது, அக்காவின் பரீட்சைப் படிப்பு, அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டி எல்லாமே முற்றத்திலும் திண்ணையிலும் இருந்தன. வீட்டுக்குள் சமைத்தோம், தூங்கினோம், அவ்வளவுதான். அப்பார்ட்மென்டில் அத்தனை வேலையும் கதவுக்கு உள்ளே வந்துவிட்டது. பெரிய வீட்டின் வரைபடத்தை எடுத்து அப்படியே சுருக்கிக் கட்டியிருந்தார்கள். ஹால் உண்டு, பெட்ரூம் உண்டு, பூஜை மாடம்கூட உண்டு. கால் நீட்ட இடம் இல்லை.

சிறிய வீட்டில் நடக்கிற தவறுகளில் பாதி இந்தச் சுருக்கலில்தான் தொடங்குகிறது. நாங்கள் பிறகு ஒன்றேகால் சென்டில் சொந்தமாகக் கட்டியபோது இதையெல்லாம் யோசித்துச் செய்தோம். அப்படியும் சிலவற்றில் தவறினோம்.

யார் கட்டுகிறார்கள்?

அமெரிக்காவில் குட்டி வீடு என்பது பலருக்கு ஒரு வாழ்க்கை முறை. அங்கே 2018 கட்டட விதித் தொகுப்பின் பின்னிணைப்பு ஒன்று, பரண் நீங்கலாக 400 சதுர அடிக்கு மிகாத வீட்டைக் குட்டி வீடு என்று வரையறுக்கிறது. நம் ஊரில் நிலைமை வேறு. இங்கே பெரும்பாலானவர்களுக்குக் கையில் இருக்கிற மனை அவ்வளவுதான், பணமும் அவ்வளவுதான். தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை, மீதி 60 சதுர அடிக்கு வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. ஆகவே 360 சதுர அடியில் எப்படி நன்றாக வாழ்வது என்பது இங்கே லட்சக்கணக்கான குடும்பங்களின் கேள்வி.

நன்மைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கடன் குறைவு. ஊருக்குள், வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பக்கத்திலேயே இருக்க முடிகிறது. வீடு பெருக்கித் துடைக்க இருபது நிமிஷம். இரண்டு ஃபேன், நாலு விளக்கு, ஒரு பிரிட்ஜ் என்று ஓட்டினால் கரன்ட் பில் கையைக் கடிக்காது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதன் அருமை சிறிய வீட்டில்தான் தெரியும். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், என்ன மனநிலையில் இருக்கிறார்கள் என்பது கேட்காமலே தெரிந்துவிடும். இதெல்லாம் உண்மையான நன்மைகள். தவறாகக் கட்டினால் இவை ஒன்றுகூடக் கைக்கு வராது.

சுவர், படி, கதவு தின்கிற இடம்

வெளி அளவு 20-க்கு 18 அடி என்றால் 360 சதுர அடி. ஒன்பது அங்குலச் சுவர் எழுப்பினால் உள்ளே மிஞ்சுவது பதினெட்டரைக்குப் பதினாறரை, அதாவது சுமார் 305. சுவரே 55 சதுர அடியைச் சாப்பிட்டுவிடும். ஒரு சமையலறை போன மாதிரி. தூண் வைத்துக் கட்டி ஆறு அங்குல பிளாக்கில் சுவர் எழுப்பினால் 323 கிடைக்கும். இதைப் பொறியாளரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், கொத்தனார் சொல் போதாது. ஆனால் கேட்கவாவது வேண்டும். பலர் கேட்பதே இல்லை.

ஃபிளாட் வாங்குகிறவர்களும் இதே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். சூப்பர் பில்டப் 500 சதுர அடி என்றால் அதில் மாடிப்படி, நடைபாதை, லிஃப்ட் எல்லாவற்றிலும் உங்கள் பங்கு சேர்ந்திருக்கும். 2016 ரியல் எஸ்டேட் சட்டம் கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கக் கிடைக்கிற தரைப்பரப்பு, என்பதைத் தெளிவாக வரையறுத்திருக்கிறது. வெளிச்சுவரும் பால்கனியும் அதில் சேராது. அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பெரிய ஃபிளாட்டில் நூறு சதுர அடி குறைந்தால் ஒரு குறை, அவ்வளவுதான். குட்டி ஃபிளாட்டில் நூறு குறைந்தால் ஓர் அறையே இல்லை.

அடுத்தது மாடிப்படி. பத்தடி உயரத்துக்கு ஏழு அங்குல உயரத்தில் படி வைத்தால் பதினேழு ஏற்றம் வரும். மூன்றடி அகலத்தில் மடித்துத் திருப்பினாலும் ஏறக்குறைய 60 சதுர அடி போகும். 305-ல் ஐந்தில் ஒரு பங்கு! உள்படி வேண்டவே வேண்டாம். நாங்கள் முன்பக்கம் வெளியே இரும்புப் படி போட்டோம். அதன் உயரமான பக்கத்துக்குக் கீழே திண்ணை வந்தது. வெளிப்படிக்கு உங்கள் ஊர் விதி இடம் கொடுக்கிறதா என்று வரைபட அனுமதி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கதவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மூன்றடிக் கதவு உள்பக்கம் திறந்தால் ஏழு சதுர அடி அதற்கே எழுதிவைத்தாயிற்று, அங்கே எதுவும் வைக்க முடியாது. நாலு கதவு என்றால் 28. குளியலறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வையுங்கள். இடம் மிச்சம் என்பதைவிட, உள்ளே வயசானவர் வழுக்கி விழுந்து கதவில் சாய்ந்து கிடந்தால் வெளியிலிருந்து திறக்க முடியும். அடுப்படிக்கு நிலை போதும், கதவு தேவையில்லை.

காற்றும் வெக்கையும்

இதுதான் நான் அதிகம் கவலைப்படுகிற விஷயம். மனை சிறியதானால் இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி வந்துவிடும். ஜன்னல் வைக்க முன்பக்கமும் பின்பக்கமும்தான் மிச்சம். அப்போது பலர் செய்வது, பின்பக்கத்தில் நாலடி கூட விடாமல் கடைசி அங்குலம்வரை கட்டிவிடுவது. அந்த நாலடியை விற்றுத்தான் அடுத்த முப்பது வருஷத்துக்குப் புழுக்கத்தை வாங்குகிறோம். ஒரு பக்கம் மட்டும் திறப்பு இருந்தால் காற்று உள்ளே வந்து நிற்கும், கடந்து போகாது. தேசியக் கட்டட விதித் தொகுப்பு, ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்த பகுதிகளில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு ஜன்னல் திறப்பாக இருக்கவேண்டும் என்கிறது. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. மூன்றுக்கு நாலு அடி ஜன்னல் இரண்டு வைத்தால் 24 வரும், போதும். எதிரெதிராக வைத்தால் இன்னும் நல்லது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பலருக்குப் பிடிபடுவதில்லை. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது இருபது லிட்டருக்கு மேல், அதாவது ஒரு தண்ணீர் கேன் அளவு ஈரம் உங்கள் காற்றில் கலந்திருக்கும். இதில் சோறு கொதிக்கிற ஆவி, குளித்த ஈரம், மழைக்காலத்தில் உள்ளே காயப்போட்ட துணி எல்லாம் சேரும். பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுத்துப் பூஞ்சை பிடிப்பதும், பட்டுப்புடவையில் புள்ளி விழுவதும் இதனால்தான். எங்கள் பழைய அப்பார்ட்மென்டில் மூன்று தடவை பெயின்ட் அடித்தோம். கடைசியில் அடுப்புக்கு மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டி, பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்ததும்தான் பூஞ்சை நின்றது.

அந்த எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு பரவித் தேங்கும். அடுப்படியும் படுக்கையும் ஒரே அறையாக இருக்கிற வீட்டில் நாம் பாய் விரித்துப் படுப்பது அந்தத் தரையில்தான். தயவுசெய்து அடுப்படிச் சுவரில் தரையை ஒட்டி, வாயு வெளியே போகிற மாதிரி துளைகள் உள்ள ஒரு ஜாலி வையுங்கள். மேலே வென்டிலேட்டர் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், இதற்கு அது உதவாது. இரவு படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுவது எங்கள் வீட்டில் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிற மாதிரி ஒரு பழக்கம்.

வெக்கைக்கு, மொட்டைமாடித் தளத்தின் மேல் தட்டை ஓடு பதிக்கிற செலவைக் கடைசியில் பணமில்லை என்று வெட்டாதீர்கள். அதுவும் முடியாவிட்டால் வெள்ளைப் பூச்சாவது அடியுங்கள். பெரிய வீட்டில் ஓர் அறை கொதித்தால் இன்னோர் அறைக்குப் போகலாம். இங்கே போக வேறு அறை கிடையாது.

இணையத்தில் கன்டெய்னர் வீட்டைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இருபதடி கன்டெய்னரின் வெளி அகலம் எட்டடி, உள்ளே கிடைப்பது ஏழே முக்காலுக்கும் குறைவு. வெப்பத்தைத் தடுக்க உள்ளே இரண்டு மூன்று அங்குலம் பஞ்சோ ஃபோமோ வைத்துப் பலகை அடித்தால் ஏழேகால் தேறும். ஆறரையடிக் கட்டிலைக் குறுக்கே போட்டால் காலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் மிஞ்சும். வெப்பத் தடுப்பே இல்லாமல் சித்திரை வெயிலில் அந்த இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

செலவிலும் ஒரு தப்புக் கணக்கு உண்டு. பாதி வீடு என்றால் பாதிச் செலவு என்று நினைப்பது. போர்வெல், செப்டிக் டேங்க், கரன்ட் கனெக்‌ஷன், கழிப்பறைப் பீங்கான், சமையல் மேடை எல்லாம் 360-க்கும் ஒன்றுதான், 700-க்கும் ஒன்றுதான். அதனால் சதுர அடிக்கு ஆகிற செலவு சிறிய வீட்டில் கூடத்தான் செய்யும். ஒப்பந்தம் பேசும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதியில் வேலை நிற்காது.

சாமான்கள், மனிதர்கள்

கல்யாணச் சீர்வரிசையை எதிர்பார்த்து யாரும் வரைபடம் போடுவதில்லை. ஐந்துக்கு ஆறரை அடிக் கட்டில், பீரோ, டிரெஸ்ஸிங் டேபிள், இரண்டு அண்டா, ஒரு கொப்பரை, இருபத்தொரு பாத்திரம். கட்டில் மட்டுமே 32 சதுர அடி, உள்ளிடத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். என் மனைவியின் அம்மா கொடுத்த அண்டாக்களை நாங்கள் பதினாலு வருஷத்தில் இரண்டே தடவைதான் பரணிலிருந்து இறக்கினோம். கொடுப்பவர்களிடம் முன்கூட்டியே பேசுவது மரியாதைக் குறைவு இல்லை. "அத்தை, கட்டிலுக்குப் பதிலாகப் பணமாகக் கொடுங்கள், சுவரோடு சேர்த்து அலமாரி அடித்துக்கொள்கிறோம்" என்றால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.

இடம் பற்றவில்லை என்று நாலு சுவரிலும் பரண் அடிப்பதும் தவறு. இரண்டடி அகலப் பரண் சுற்றிவந்தால் அறை குகை மாதிரி ஆகிவிடும், தலைக்கு மேல் எப்போதும் ஏதோ தொங்குகிற உணர்வு. அடுப்படியிலும் குளியலறைக்கு மேலேயும் மட்டும் அடித்தால் போதும்.

மனிதர்கள் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் நிதானமாக யோசிக்கவேண்டும். வீடு கட்டும்போது பிள்ளைக்கு நாலு வயசு. பத்து வருஷத்தில் பிளஸ் டூவை நெருங்கும். அப்போது இரவு பதினோரு மணிக்கு விளக்கு எரிய ஒரு மூலை வேண்டும், மற்றவர்கள் தூங்க இருட்டும் வேண்டும். பெண்பிள்ளைக்கு உடை மாற்றத் தாழ்ப்பாள் போடுகிற இடம் வேண்டும். கணவன் மனைவி நாலு வார்த்தை தனியாகப் பேச இடம் வேண்டும். இதற்கு நாலரை அங்குலச் சுவரில் ஓர் ஆறடிக்கு எட்டடி அறை போதும். ஒரே திறந்த கூடமாக விட்டால் பார்க்கப் பெரிதாகத் தெரியும். படத்தில் அழகாகவும் இருக்கும். நாங்கள் அப்படித்தான் விட்டோம், ஆறு வருஷம் கழித்து மறுபடி கொத்தனாரைக் கூப்பிட்டோம்.

விசேஷமும் துக்கமும் வரும் என்பதையும் மறக்காதீர்கள். அப்பா தவறியபோது அவரை உள்ளே கிடத்தி நாலு பேர் உட்கார்ந்தால் அறை நிறைந்துவிட்டது. வந்தவர்கள் திண்ணையிலும் படியிலும் தெருவில் போட்ட பெஞ்சிலும் உட்கார்ந்து இரவெல்லாம் இருந்தார்கள். அந்தத் திண்ணையை எடுத்துவிட்டு முன்னறையை இழுத்துக் கட்டச் சொல்லி எத்தனை பேர் யோசனை சொன்னார்கள்! ஒன்றரை அடி உயரம், இரண்டரை அடி அகலம், ஆறடி நீளம். அம்மா காய் நறுக்குவது, பையன் எழுதுவது, கூரியர் வந்து நிற்பது, பக்கத்து வீட்டு அக்கா வந்து பேசுவது எல்லாம் அங்கேதான். மனையில் எது குறைந்தாலும் குறையட்டும், திண்ணையையும் பின்பக்க நாலடியையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கடைசியாக, எங்களுக்கு மிகவும் உதவிய ஒரு காரியம். வரைபடத்தைக் காகிதத்தில் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள். அஸ்திவாரம் தோண்டும் முந்தின ஞாயிற்றுக்கிழமை, மனையிலேயே கோலமாவால் வீட்டை முழு அளவில் வரைந்தோம். சுவர் கனம், கதவு திறக்கிற வளைவு, கட்டில், பீரோ எல்லாம். அம்மா பாய் விரித்துப் படுத்துப் பார்த்தார். நான் கழிப்பறைக்குப் போகிற வழியில் நடந்து பார்த்தேன். என் மனைவி சமையல் மேடைக் கோட்டுக்கு முன்னால் நின்று தோசை திருப்புகிற மாதிரி கையை ஆட்டிவிட்டு, "இங்கே நான் நின்றால் பிரிட்ஜைத் திறக்க முடியாதே, பின்கதவும் என் முதுகில் இடிக்குமே" என்றாள். காலால் கோட்டை அழித்தோம். பின்கதவை இரண்டடி தள்ளி, பிரிட்ஜை அந்தப் பக்கம் மாற்றி மறுபடி போட்டோம். அரைப்படி கோலமாவு செலவானது.