தொழிற்சாலை நரம்புப் பாதிப்பு: புது மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையுறை, முகக்கவசம் பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. தொழிற்சாலை மருத்துவப் பிரிவுக்குப் புதிதாக வருபவர்கள், ஆரம்பத்தில் நான் செய்த அதே பிழைகளைச் செய்வதைப் பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சர்க்கரை நோய் என்று முடித்துவிடுவது

இரண்டு பாதமும் ஒன்றுபோல மரத்தால் சர்க்கரையைப் பார்க்கத்தான் வேண்டும். கூடவே என்ன பசை, என்ன தின்னர், தினமும் எத்தனை மணி நேரம் என்றும் கேளுங்கள்.

வேலையை விட்டதும் சரியாகும் என்று நம்புவது

இன்றுவரை எனக்கு ஆறாத எரிச்சல் இதில்தான். ஹெக்சேன் என்ற கரைப்பான் கலந்த பசையில் வேலை பார்த்தவர் ஒருவர் வந்தார். "செருப்பு கழன்றதே தெரியல டாக்டர், பத்தடி நடந்தப்புறம்தான் பார்த்தேன்" என்றார். குதிகாலுக்கு மேலே சுத்தியலால் தட்டினேன். துள்ள வேண்டிய பாதம் அசையவே இல்லை. வேலையை நிறுத்தச் சொன்னேன், அது சரி. "நிறுத்தினால் குறைந்துவிடும்" என்றும் சொன்னேன். ஆறு வாரம் கழித்து வந்தபோது முழங்கால்வரை மரத்திருந்தது, பாதத்தைத் தூக்க முடியாமல் விரல்கள் தரையில் இடறின. ரசாயனத்தை விட்ட பிறகும் கூடுகிறதே, அப்படியானால் காரணம் வேறு என்று நினைத்து, வேலையோடு தொடர்பில்லை என எழுதிக் கொடுத்தேன். அந்த ஒரு வரியால் அவருக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. அவர் இருந்த மேசையில் மற்றவர்கள் அதே பசையைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னும் இருவருக்குக் கால் மரத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கடிதத்தைத் திருத்திக் கொடுத்தேன், காலம் கடந்திருந்தது.

ஹெக்சேன் உடலுக்குள் 2,5-ஹெக்சேன்டையோனாக மாறுகிறது. அது நரம்பிழைக்குள் இருக்கும் புரத நூல்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். இழை அங்கங்கே வீங்கி, மிக நீளமான நரம்புகளின் நுனியிலிருந்து, அதாவது கால்விரலிலிருந்து, பட்டுப்போகத் தொடங்கும். நஞ்சு வெளியேறினாலும் தொடங்கிய சிதைவு உடனே நிற்காது. 2, 3 மாதம்கூட முற்றலாம். முதல் நாளே இதை நோயாளியிடம் சொல்லுங்கள், கோப்பிலும் எழுதுங்கள். அதற்குப் பிறகு நரம்பு வளர்வது நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். தேற மாதங்கள் ஆகும், சிலருக்கு ஆண்டுகள்.

சிறுநீர்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது

சிறுநீரில் ஹெக்சேன்டையோன் இருக்கிறதா என்று பார்க்க, வேலை வாரத்தின் கடைசி ஷிப்ட் முடிந்ததும் எடுங்கள். சில நாள் விடுப்பில் இருந்தவருக்குச் சுத்தமாகத்தான் வரும்.

வாடை இல்லை என்பதை ஏற்பது

மூக்கு பழகிவிடும்.

"பசையை மாற்றிவிட்டோம்" என்றதும் கோப்பை மூடுவது

புதிய பசையில் கொஞ்சம் ஹெக்சேன் மிஞ்சியிருந்து, மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற இன்னொரு கரைப்பானும் சேர்ந்தால் நரம்புக்குக் கேடு அதிகம். டப்பாவை வாங்கி நீங்களே படியுங்கள். அப்படியே பக்கத்து இருக்கைக்காரரின் குதிகாலுக்கு மேலேயும் தட்டிப் பாருங்கள்.