1500 மீட்டர் ஓடிய கால்களுக்கு முதல் 10 கிலோமீட்டர்

டிராக்கில் 800, 1500 ஓடிப் பழகியவர்கள் சாலை ஓட்டத்தில் திணறுவது பெரும்பாலும் வேகம் போதாமல் அல்ல, மெதுவாக ஓடத் தெரியாமல்தான். நெதர்லாந்து ஓட்டக்காரர் சிஃபான் ஹசன் 2019 தோஹா உலகப் போட்டியில் 1500, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நெட்டோட்டத் (மாரத்தான்) தங்கமும் அவருக்குத்தான். நம் சிங்கப்பூரில் கே. ஜெயமணி இருக்கிறார். டிராக்கில் ஓடிப் பெயர் வாங்கியவர், 1983இல் இங்கே நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் பெண்கள் நெட்டோட்டத்தை வென்றார். 1500 மீட்டருக்கே மூச்சுப்பலம்தான் பெருமளவு கைகொடுக்கிறது. அதனால் உங்களிடம் பாதி வேலை முடிந்திருக்கிறது.

சரி, எங்கே தொடங்குவது?

முதலில் மெதுஓட்டம். 1500 மீட்டரை 5 நிமிடத்தில் முடிப்பவருக்குக் கிலோமீட்டர் 3:20 ஆகிறது. அவர் சாதாரண நாளில் 5:30இல் ஓட வேண்டும். புழுக்கம் அதிகமென்றால் 6 நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. கூட ஓடுபவரிடம் திக்காமல் கதை பேச முடிகிறதா என்று பாருங்கள். பிடோக் நீர்த்தேக்கத்தை ஒரு சுற்று வந்தால் 4.3 கிலோமீட்டர். அங்கே வயதான அங்கிள் ஒருவர் உங்களைத் தாண்டிப் போவார். போகட்டும், துரத்தாதீர்கள். இந்த ஒரு பாடத்தில்தான் டிராக் பிள்ளைகள் அதிகம் கோட்டை விடுகிறார்கள்.

இரண்டாவது, ஞாயிறு நீள ஓட்டம். இங்கே விடிவதே 7 மணி வாக்கில், அதற்குள் பாதி ஓடி முடித்துவிடுங்கள். 8 கிலோமீட்டரில் ஆரம்பித்து வாரம் ஒன்று கூட்டி 14 வரை போகலாம். நான்காவது வாரம் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மூச்சு இன்னும் போகலாம் என்று சொல்லும், ஆனால் குதிகால் தசைநாணும் கெண்டைக்காலும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. ஆணி பதித்த ஸ்பைக் காலணியைப் பைக்குள் வைத்துவிட்டு நல்ல மெத்தையுள்ள ஷூ வாங்குங்கள்.

மூன்றாவது, வாரம் ஒருமுறை 20 நிமிடம் ஒரே சீராக, இரண்டு மூன்று வார்த்தை மட்டும் பேச முடிகிற வேகத்தில். 400 மீட்டர் இன்டர்வல் (வேகமாக ஓடி, இடைவெளி விட்டு மீண்டும் ஓடுவது) மேல் கை பரபரக்கும். அதற்குப் பதில் மெதுஓட்டம் முடிந்ததும் 100 மீட்டர் ஆறு முறை தளர்வாக, வேகமாக ஓடுங்கள். பழைய வேகம் துருப்பிடிக்காது.

அப்புறம் போட்டி நாள். 40 நிமிடம் இலக்கென்றால் கிலோமீட்டருக்கு 4 நிமிடம், அதாவது டிராக்கில் ஒரு சுற்றுக்கு 96 விநாடி. உங்களுக்கு அது நடப்பது போலத் தோன்றும். முதல் கிலோமீட்டரை 4:05இல் கடந்தால் போதும். மரீனா பே பக்கம் உயரக் கட்டடங்களுக்கு நடுவே கைக்கடிகாரத்தின் ஜிபிஎஸ் கன்னாபின்னாவென்று காட்டும். சாலையோரக் கிலோமீட்டர் பலகையை நம்புங்கள். தண்ணீர் மேசையில் காகிதக் கப்பை எடுத்ததும் விளிம்பை இரு விரலால் நசுக்கி, மூக்கு போல் ஆக்கிக் குடியுங்கள்; புரையேறாது. 8 கிலோமீட்டர் வரை யாரையும் முந்தத் துடிக்காதீர்கள். கடைசி 400 மீட்டரில் மட்டும், டிராக்கில் கடைசிச் சுற்று மணி அடித்தால் எப்படி ஓடுவீர்களோ அப்படி.