ராத்திரி எழுதுங்கள், காலையில் போகட்டும்

ராத்திரி பதினொன்றரைக்கு மேலாளருக்கு ஒரு மெயில் எழுதி முடிக்கிறீர்கள். அந்த நேரத்தில் அவர் போன் ஒலிக்க வேண்டாமே! ஜிமெயிலில் ‘சென்ட்’ பட்டனை ஒட்டியே சின்ன அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தி, ‘ஷெட்யூல் சென்ட்’ போய், தேதியும் நேரமும் கொடுத்தால் போதும். மொபைலில் மேலே மூன்று புள்ளிக்குள் இருக்கும். 2019-இல் வந்த வசதி இது. அப்புறம் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தூங்கலாம்; மெயில் கூகுள் சர்வரிலிருந்து தானாகப் போய்விடும். நான் சரியாக 9:00 என்று வைக்காமல் 8:52 என்று வைப்பேன், மனுஷன் அனுப்பியது போலவே இருக்கும்.

ஏதோ தப்பாக எழுதிவிட்டோமே என்று நடுவில் உறைத்தால், ‘ஷெட்யூல்டு’ பகுதியில் அதைத் திறந்து ரத்து செய்யுங்கள். மெயில் டிராஃப்டுக்குத் திரும்பிவிடும். திருத்தியதும் மறுபடி நேரம் குறிக்க வேண்டும். நான் ஒருமுறை மறந்துபோய், இரண்டு நாள் டிராஃப்டிலேயே கிடந்தது.